நாற்பத்தொன்றாவது வரி

கொச்சி,
9 செப்டம்பர் 2024

திரு. செல்வக்குமார் அவர்களுக்கு,

எட்டு வருஷமாக உங்கள் மனைவியாக இருக்கிறவள் எழுதுகிறாள் என்று நினைத்துப் பிரிக்க வேண்டாம். படகை வரைந்தவள், அதைக் கட்டுகிறவருக்கு எழுதுகிறேன்.

இந்த அட்டைக் குழாய்க்குள் ஏழாவது திருத்தத்தின் தாள்கள் நான்கு இருக்கின்றன. எல்லாம் முழு அளவில் அச்சிட்டவை. பிளைவுட் மேல் விரித்து, கோட்டின் மேலேயே வெட்டிக்கொள்ளலாம். மெயிலில் அனுப்பினால் பிரிண்ட் போடுகிறவர் தாளுக்கு அடங்கவில்லை என்று சுருக்கி அடித்துக் கொடுத்துவிடுகிறார். போன தடவை அப்படித்தான் ஒரு தடுப்பு ஒரு விரல் குறைந்தது. அதனால் இனி எல்லாம் கூரியரில்தான். பேச வேண்டியதையும் இதிலேயே எழுதி வைக்கிறேன். போனில் என்றால் மூன்றாவது நிமிஷத்தில் இரண்டு பேரும் கத்துகிறோம்.

படகின் உடல் வார்த்து முடிந்துவிட்டதால் அதில் கை வைக்க முடியாது. மாற்றம் எல்லாம் உள்ளேதான். இடப்பக்கப் படுக்கை இல்லை. மடக்கு மேஜை இல்லை. துணி அலமாரி இல்லை. இரட்டை அடுப்புக்குப் பதில் ஒற்றை அடுப்பு. வலப்பக்கப் படுக்கை மட்டும் போதும். முந்நூறு கிலோ குறையும், வேகம் கூடும். ஜனவரியில் தூத்துக்குடியில் இறக்கி, மாலத்தீவு வழியாக சீஷெல்ஸ் வரை போகப்போவது ஒரே ஆள்தான்.

எடைப் பட்டியலும் வைத்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் எழுதவும்.

இப்படிக்கு,
பாண்டீஸ்வரி,
வடிவமைப்பாளர்


கப்பலூர்,
17 செப்டம்பர் 2024

வடிவமைப்பாளர் அம்மாவுக்கு,

குழாய் வந்தது. ஆபீஸ் தமிழ்ச்செல்விதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். "அண்ணே, அக்கா அனுப்பிருக்காக!" என்று ஷெட் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு வந்தாள். உள்ளே 'திரு.' என்று போட்டிருந்ததை நான் அவளிடம் காட்டவில்லை.

இங்கே வழக்கம்போல ஓடுகிறது. திருமங்கலத்துப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு சறுக்குமரம், ஒரு ஹோட்டல் வாசலுக்கு ஃபைபர் யானை, பஸ் பாடிக்கு டேஷ்போர்டு. இதற்கு நடுவில் முப்பத்து நாலு அடிக்கு உன் பாய்மரப் படகு. வருகிறவன் போகிறவன் எல்லாம் கப்பலூரில் கப்பல் கட்டுகிறீர்களா என்று தானே முதலில் கண்டுபிடித்த மாதிரி சிரிக்கிறான். நானும் முதல் தடவை கேட்கிற மாதிரி சிரித்து வைக்கிறேன்.

சந்தேகம் இருந்தால் எழுதச் சொன்னாய். ஒன்று இருக்கிறது.

எடைப் பட்டியலை வரி வரியாகப் படித்தேன். நாற்பதாவது வரி, கேஸ் சிலிண்டர் இரண்டு, பதினாறு கிலோ. நாற்பத்திரண்டாவது வரி, நங்கூரச் சங்கிலி, அறுபது கிலோ. நடுவில் நாற்பத்தொன்றாவது வரி. 'மாமா, இடப்பக்கம், 78 கிலோ.'

படுக்கையை எடுத்துவிட்டாய். அதில் படுக்கிறவனை எடுக்க மறந்துவிட்டாய். நான் எங்கே உட்காரட்டும்? சிலிண்டருக்கும் சங்கிலிக்கும் நடுவிலா?

செல்வம்


கொச்சி,
24 செப்டம்பர் 2024

மாமாவுக்கு,

அது கவனக்குறைவு. மூன்று வருஷமாக அந்தப் பட்டியல் அப்படியே இருந்ததால் கண்ணில் படவில்லை. கிண்டல் செய்ய ஒரு விஷயம் கிடைத்ததில் உங்களுக்குச் சந்தோஷம் என்றால் சரி.

அந்த வரியை எடுத்த பிறகு கணக்குப் போட்டால் படகு வலப்பக்கம் சாய்கிறது. பேட்டரி, அடுப்பு, கருவிகள் எல்லாம் வலப்பக்கம்தான் வைத்திருந்தேன். இடப்பக்கம் நீங்கள் இருப்பீர்கள் என்ற கணக்கு. இப்போது பேட்டரியை மாற்ற இடமில்லை, அதற்கான பெட்டியை நீங்கள் ஏற்கெனவே ஒட்டிவிட்டதாகப் போட்டோவில் பார்த்தேன். ஆகவே இடப்பக்கப் படுக்கை இருந்த இடத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டுங்கள். சரியாக எழுபத்தெட்டு லிட்டர். ஒரு லிட்டர் ஒரு கிலோ. திருத்திய தாள் இதோடு இருக்கிறது. நாற்பத்தொன்றாவது வரி இனி 'தண்ணீர்'.

வசதி குறைகிறதே என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். தனியாகப் போகிறவளுக்கு வேகம்தான் வசதி. அரை நாட் வேகம் கூடினால் சீஷெல்ஸுக்கு இரண்டு நாள் முன்னால் சேரலாம். இரண்டு நாள் குறைந்த தனிமை.

கடைசி வரியை அடிக்கலாம் என்று பார்த்தேன். பேனாவில் எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

பாண்டீஸ்வரி


கப்பலூர்,
13 அக்டோபர் 2024

பாண்டி,

முந்தாநாள் ஆயுத பூஜை. மெஷின், கம்ப்ரெசர், கை உருளை எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துவிட்டு, ஷெட் மேஸ்திரி விருமாண்டி ஏணி போட்டு ஏறி உன் படகின் மூக்கிலும் ஒரு பொட்டு வைத்தார். பொரியும் கடலையும் கொடுத்து எல்லோரும் போன பிறகு நான் படகுக்குள் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். இப்போதெல்லாம் மத்தியானச் சாப்பாடு அங்கேதான். காளவாசலில் நம் வீட்டில் இரண்டு நாற்காலி இருக்கிறது, அதுதான் தொந்தரவு. படகில் தரைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ வரைந்த ஒற்றைப் படுக்கையைக் கட்டியாகிவிட்டது. நேற்று நானும் விருமாண்டியும் செயின் பிளாக் போட்டுப் படகை அதன் தாங்கு சட்டத்தோடு இடப்பக்கம் பதினைந்து டிகிரி சாய்த்தோம். கடலில் சாய்ந்துதான் போகும் என்று நீதானே சொல்வாய். உன் வலப்பக்கப் படுக்கையில் படுத்துப் பார்த்தேன். இரண்டு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். பிறகு உருண்டு கீழே விழுந்து தோள்பட்டை வீங்கிவிட்டது. விருமாண்டி கையைக்கூடக் கொடுக்கவில்லை. "அண்ணே, இதுக்குத்தான அக்கா மொத ரெண்டு பக்கமும் படுக்க வச்சுச்சு! சாயுற பக்கம் படுத்தா சொவரு தாங்கும். இப்ப எம்புட்டு நேரம் தொங்கிக்கிட்டே கெடக்கும் அது?" என்று கேட்டார். படிக்காத மனுஷன் கேட்கிறார். படித்தவள் பதில் சொல்.

இன்னொன்று. எடையை எடுக்க எடுக்க நல்லது என்கிறாய். உசிலம்பட்டி ரோட்டில் காலி லாரி போவதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? பள்ளத்துக்குப் பள்ளம் குதிக்கும். டிரைவருக்குக் குடல் வாய்க்கு வரும். அதே லாரி லோடு ஏற்றித் திரும்பும்போது அமைதியாகப் போகும். கடல் எனக்குத் தெரியாது. லாரி தெரியும்.

இருபது நாள் தூங்காமல் போகிறவள் எவ்வளவு வேகமாகப் போய் என்ன?

செல்வம்


கொச்சி,
22 அக்டோபர் 2024

மாமா,

விருமாண்டி அண்ணனிடம் சொல்லுங்கள், அவர் சொன்னது சரி. அது முதல் வருஷப் பாடம். வலப்பக்கப் படுக்கைக்கு ஒரு துணித் தடுப்புக் கட்டிக்கொள்வேன், சமாளித்துவிடலாம். ஆனால் இடப்பக்கப் படுக்கையை நான் கணக்குப் போட்டு எடுக்கவில்லை. கோபத்தில் எடுத்தேன். முந்நூறு கிலோ, அரை நாட் எல்லாம் அதற்குப் பிறகு தேடிப் பிடித்த காரணம்.

இங்கே விடாமல் மழை. ஹாஸ்டல் அறையில் ஜன்னல் திறக்க முடியவில்லை. ஆபீஸில் எல்லோரும் நல்லவர்கள்தான், மலையாளமும் இங்கிலீஷும் பேசுகிறார்கள். எட்டு நாளாக நான் யாரிடமும் தமிழில் பேசவில்லை. நேற்று பஸ்ஸில் யாரோ ஒருவர் போனில் "வாரேன், வாரேன்" என்றார். அவர் இறங்கிய ஸ்டாப்பில் நானும் இறங்கிவிட்டேன், என் ஸ்டாப் இன்னும் இரண்டு தள்ளி.

உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். படகின் உடலை முதலில் வரைந்தபோது ஆபீஸில் எல்லோரும் கேட்டார்கள், ஏன் இவ்வளவு கனம், ஏன் மூக்கு இவ்வளவு ஆழம், இன்னும் தட்டையாக இருந்தால் பறக்குமே என்று. நீண்ட கடல் பயணத்துக்கு என்று ஏதோ சொன்னேன். கல்யாணமான புதிதில் கன்னியாகுமரியில் பத்து நிமிஷப் படகுப் பயணத்தில் நீங்கள் என் மடியில் வாந்தி எடுத்தீர்களே, அதற்காகத்தான் வரைந்தேன். அலை மேல் அடிக்காமல் அலைக்குள் மெதுவாக இறங்கி ஏறுகிற படகு. உங்கள் வயிற்றுக்காக வரைந்தது. வேகத்தை எவ்வளவு விட்டுக்கொடுத்தால் உங்களுக்கு எவ்வளவு சுகம் என்று மூன்று வருஷம் பார்த்துப் பார்த்து வைத்த கணக்கு.

ஜூலையில் தூத்துக்குடியில் அந்த இரவல் படகில் ஒன்பது மணி நேரம் நீங்கள் வாந்தி எடுத்ததற்கு எனக்குக் கோபமே இல்லை. படகைத் திருப்பினேன், அதற்கும் இல்லை. கரைக்கு வந்ததும், படகுத்துறையில் அத்தனை பேர் முன்னால் சொன்னீர்களே. "கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு? என்னையும் சேத்துக் கொல்லப் பாக்குறியா? இம்புட்டு ஆசைன்னா ஒத்தையில போ." போறேன் என்றேன். போகிறேன்.

படுக்கை வேண்டாம். தொட்டி மட்டும் கட்டுங்கள்.

பாண்டீஸ்வரி


கப்பலூர்,
2 டிசம்பர் 2024

பாண்டி,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். தீபாவளிக்கு உசிலம்பட்டியிலிருந்து ஒச்சாயி அக்கா வந்தது. அதிரசமும் சண்டையும் சேர்த்துக் கொண்டுவந்தது. "அவ எப்ப வாரா? நீ எப்ப போற?" என்று கேட்டது. ஒரு அதிரசத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தை ஷெட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

முதலில் வேலைச் செய்தி. படகு முடிந்தது. நேற்று டிரெய்லரில் ஏற்றி ஹைவே எடை மேடைக்குக் கொண்டுபோனோம். அரிசி, சிமெண்டு, பழைய இரும்பு ஏறுகிற இடம். மேடைக்காரர் ரசீதில் சரக்கு என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டார். படகு என்றேன். "அண்ணே, வெளையாடாதீக" என்றார். வெளியே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய் 'இதர' என்று எழுதினார். டிரெய்லர் எடையைக் கழித்தால் நாலாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு கிலோ. உன் பட்டியலில், தண்ணீர் இல்லாமல், நாலாயிரத்து எண்ணூற்று அறுபது. கையால் ஃபைபர் மேட் ஒட்டி ரெசின் பூசுகிற ஷெட்டில் முப்பது கிலோதான் வித்தியாசம் என்றால் நீ விருமாண்டியைக் கும்பிட வேண்டும். அந்த முப்பதில் இருபத்திரண்டு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.

இப்போது மற்றது. அன்றைக்குப் படகுத்துறையில் சொன்னது கோபம் இல்லை. பயம். எனக்குப் பயம் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை, அதனால் உன்னைக் கிறுக்கு என்றேன். அந்த ஒன்பது மணி நேரத்தில் கண்ணைத் திறந்த போதெல்லாம் உன்னைப் பார்த்தேன். நீ அங்கே அவ்வளவு நிம்மதியாக இருந்தாய். எனக்கு இடமே இல்லாத ஓர் இடத்தில் நீ இவ்வளவு சந்தோஷமாக இருப்பாய் என்று எனக்குத் தெரியாது. அது வாந்தியைவிட மோசமாக இருந்தது.

தப்பு என்னுடையதுதான். போகாதே என்று சொல்லமாட்டேன், அதற்கு எனக்கு வாய் இல்லை. லாரி ஜனவரி ஆறாம் தேதி தூத்துக்குடி வரும்.

செல்வம்


தூத்துக்குடி,
11 ஜனவரி 2025

மாமா,

நாளைக் காலையில் கிளம்புகிறேன்.

படகை இறக்கியபோது கிரேனின் அந்தப் பக்கம் நின்றீர்கள். லாரிக்காரர்களோடு லாரிக்காரர் மாதிரி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு. நான் பார்த்தேன். நீங்கள் வந்து பேசுவீர்கள் என்று இருந்தேன். நான் வந்து பேசுவேன் என்று நீங்கள் இருந்திருப்பீர்கள். படகு தண்ணீரைத் தொட்டு, நான் வரைந்த கோட்டில் வந்து நின்றதும் திரும்பிப் பார்த்தேன். உங்களைக் காணவில்லை.

இருபத்திரண்டு கிலோவைக் கண்டுபிடித்துவிட்டேன். தொட்டிக்கு மூடி போடச் சொன்னால் ஒன்றரை அடியில் போதும். நீங்கள் ஆறடி ஒரு அங்குலத்துக்குப் பலகை போட்டு, மெத்தை தைத்து, தலைமாட்டில் விளக்கும் வைத்திருக்கிறீர்கள். விளக்கு என் பட்டியலிலேயே இல்லை. பிடுங்கிப் போடலாம் என்று ஸ்குரூ டிரைவர் எடுத்தேன். நேரமில்லை என்று வைத்துவிட்டேன். நேரம் இருந்தது.

தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்துவிட்டேன். எழுபத்தெட்டு லிட்டர். அடுப்பு மேடை மேல் பென்சில் வைத்தால் உருளவில்லை.

பயமாக இருக்கிறது. உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

பாண்டி


கப்பலூர்,
20 ஜனவரி 2025

பாண்டி,

மாலேயில் உன் ஏஜெண்டு முகவரிக்கு இதை அனுப்புகிறேன். கிடைக்குமோ என்னவோ.

ஷெட் காலியாக இருக்கிறது. படகு நின்ற இடத்தில் இரண்டாவது யானை வந்துவிட்டது, அதே ஹோட்டல்காரர்தான். மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்து, ஏணி இருந்த இடம் வரை போய்விட்டேன். விருமாண்டி பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் ரெசின் டிரம்மைப் பார்க்க வந்தவன் மாதிரி பார்த்துவிட்டு வந்தேன்.

எட்டு நாள் ஆகிறது. நல்லபடியாக இருக்கிறாய் என்று ஒரு வரி எழுது. திரு. போட்டு எழுதினாலும் பரவாயில்லை.

செல்வம்


மாலே,
2 பிப்ரவரி 2025

மாமா,

நல்லபடியாக இருக்கிறேன். தூத்துக்குடிக்குத் திரும்புகிற சரக்குத் தோணியின் ஆட்களிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கடிதம் ஏஜெண்டிடம் இருந்தது. மூன்று தடவை படித்தேன்.

ஐந்து நாளில் வர வேண்டியது ஒன்பது நாள் ஆனது. குமரிமுனை தாண்டிய பிறகும் வடக்கிலிருந்து நல்ல காற்று. வலப்பக்கப் பின்னாலிருந்து அடித்தது, படகு இடப்பக்கம் சாய்ந்தே போனது. என் படுக்கையில் துணித் தடுப்பைக் கட்டிப் படுத்தேன். துணி வயிற்றில் அறுத்தது. இரண்டாம் நாள் மத்தியானம் எழுந்து உங்கள் பலகைக்குப் போனேன். சுவரோடு ஒட்டிப் படுத்ததும் தூங்கிவிட்டேன். அன்றிலிருந்து அங்கேதான். காலுக்குக் கீழே ஒன்பது அங்குலம் சும்மா இருக்கிறது, உங்கள் உயரம். படகு அலை மேல் அடிக்கவே இல்லை மாமா. லோடு லாரி மாதிரிதான் போகிறது.

ஐந்தாம் நாள் காற்று நின்றது. நாலு நாள் கண்ணாடி மாதிரி கடல். ஒரு சத்தம் இல்லை. எனக்கு நானே சத்தமாகக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இவ்வளவு தனியாக இருக்க எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். தெரியவில்லை.

ஒரு தப்பு செய்துவிட்டேன். உங்கள் இடத்தில் தண்ணீரை வைத்தேன் அல்லவா? தண்ணீரை நான் குடிக்கிறேன். சமைக்கிறேன். தலையில் உப்பு ஏறினால் ஒரு செம்பு ஊற்றிக்கொள்கிறேன். ஒவ்வொரு நாளும் இடப்பக்கம் லேசாகிக்கொண்டே வந்தது. மாலேக்குள் வந்தபோது அரை டிகிரி வலப்பக்கம் சாய்ந்திருந்தது. வேறு யாருக்கும் தெரியாது. அடுப்பு மேடை மேல் பென்சில் வைத்தேன், உருண்டு விழுந்தது. இருபது வருஷம் படித்த படிப்புக்கு இது தோன்றவில்லை பாருங்கள், ஆள் எடை தினமும் குறையாது.

இங்கே படகுத்துறையிலேயே குழாய் இருக்கிறது. தொட்டியை நிரப்பலாம். இன்னும் நிரப்பவில்லை.

மார்ச் பத்துக்குள் இங்கிருந்து கிளம்பினால்தான் சீஷெல்ஸ் வரை காற்று இருக்கும். அதற்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.

பாண்டி


கப்பலூர்,
19 பிப்ரவரி 2025

பாண்டி,

தோணிக்காரர் போன் பண்ணினார். நானே தூத்துக்குடி போய்க் கடிதத்தை வாங்கி வந்தேன். அந்த ஊர் எனக்கு இப்போது பழகிவிட்டது. நீ போனதிலிருந்து நாலு சனிக்கிழமை அங்கே போய் மீன்பிடிப் படகில் ஏறினேன். மூன்று வாரம் வாந்தி. நாலாவது வாரம் ஒரு மணி நேரம் வயிறு சும்மா இருந்தது, அப்புறம் மறுபடியும் வாந்தி. குணமாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். முதல் மூன்று நாள் நான் உனக்கு ஒரு உதவியும் செய்யமாட்டேன். ஒரு வாளி மட்டும் வை.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. மார்ச் நாலாம் தேதி மாலேக்கு டிக்கெட். ஷெட்டை விருமாண்டி பார்த்துக்கொள்வார். "யானைய நான் பாத்துக்கிறேன், நீங்க அக்காவப் பாருங்க" என்றார். ஒச்சாயி அக்காவிடம் இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே பதிலாகச் சொல்லிவிட்டேன்.

படகுத்துறையில் நான் சொன்னதில் ஒத்தையில் போகச் சொன்ன வரியை அடித்துவிடு. எட்டாவது திருத்தம் என்று வைத்துக்கொள்.

தொட்டியை நிரப்பாதே. ஆனால் கணக்கில் ஒன்று மாற்ற வேண்டும். நேற்று காளவாசல் பஸ் ஸ்டாப்பில், ரோட்டோரம் எடை மெஷின் வைத்து உட்கார்ந்திருக்கிறாரே, அவரிடம் ஏறிப் பார்த்தேன். நம்பாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு மறுபடியும் ஏறினேன். அப்படியும் அதேதான். நீ போனதிலிருந்து ஒரு ஆளுக்குச் சமைப்பது எப்படி என்று எனக்குப் பிடிபடவே இல்லை, பாதி நாள் அடுப்பே பற்றவைப்பதில்லை.

நாற்பத்தொன்றாவது வரியில் பழையபடி எழுபத்தெட்டு என்று போட்டுவிடாதே. எழுபத்தொன்று.

மாமா